சிவிக் எஃப்சிக்கு 18×8.5 ரிம்: 225/40 சரிவருமா, 17க்கு இறங்கவா?

பாலமீன்மடு_எஃப்சி:

2017 ஹொண்டா சிவிக் (எஃப்சி மொடல்), 1.0 டர்போ. இப்ப கிடக்கிறது கம்பனி ரிம். பின்பக்கத்தில 16×7ஜே (16 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்), 45 எண்டு அடிச்சிருக்கு. 45 எண்டது ஒப்செட், ரிம் நடுக்கோட்டுக்கும் ஹப்பில (சக்கரம் பூட்டுற நடுத்தட்டு) ஒட்டுற முகத்துக்கும் இடையில உள்ள மிமீ. டயர் 215/55ஆர்16 93வி. நாலும் தேய்ஞ்சு முடியுது, புதுசு போடுற நேரத்தில ரிம்மையும் மாத்தலாம் எண்டு பார்க்கிறன்.

ஜப்பான் ரீகண்டிஷன் செட் ஒண்டு கிடைக்குது. 18×8.5ஜே, ஒப்செட் 35, பிசிடி (நட் வட்டம்) 5×114.3, நடு ஓட்டை 73.1. 225/40ஆர்18 போட்டா ஒரு பிரச்சினையும் இல்லாம ஏறும் எண்டு விக்கிறவர் சொல்றார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஓட்டம் பெரும்பாலும் மட்டக்களப்பு–கல்முனை, ஒரு ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர். மாசத்தில ரெண்டு தரம் படுவான்கரைப் பக்கம், கிரவல் ரோட்டு. ஸ்பிரிங், ஷொக் எல்லாம் கம்பனி, காரைப் பதிக்கிற எண்ணமும் இல்லை. மட்காட்டைத் தட்டி மடிக்கவும் விருப்பம் இல்லை.

இந்த ரிம்மை எடுக்கலாமா? இல்லாட்டி 17 எடுத்து என்ன சைஸ் டயர் போடலாம்? ஸ்பீடோமீட்டர் எவ்வளவு பிழைக்கும்? கணக்கோட சொன்னா நல்லது.

—

தூக்குக்குண்டு:

ரிம்மில் இருந்து தொடங்காதீர்கள், டயரில் இருந்து தொடங்குங்கள். உங்கள் ரோட்டுக்கு எவ்வளவு பக்கச்சுவர் வேண்டும், மொத்த விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் ரிம் தானாக வரும். விலைக்குக் கிடைத்த ரிம்முக்கு டயர் தேடுவது தைத்த சட்டைக்கு ஆள் தேடுகிற மாதிரி.

முதலில் விட்டம். ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்குங்கள். டயர் அகலத்தில் சதவீதத்தை எடுத்து இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள். உங்களுடையது: 16 × 25.4 = 406.4. 215இல் 55 சதவீதம் 118.25, இரண்டு மடங்கு 236.5. மொத்தம் 642.9 மிமீ. எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

225/40ஆர்18: 637.2, 0.9 சதவீதம் சிறியது, பக்கச்சுவர் 90 மிமீ
235/40ஆர்18: 645.2, 0.4 சதவீதம் பெரியது, பக்கச்சுவர் 94
225/45ஆர்18: 659.7, 2.6 சதவீதம் பெரியது, பக்கச்சுவர் 101
225/45ஆர்17: 634.3, 1.3 சதவீதம் சிறியது, பக்கச்சுவர் 101
215/50ஆர்17: 646.8, 0.6 சதவீதம் பெரியது, பக்கச்சுவர் 107.5
235/45ஆர்17: 643.3, கிட்டத்தட்ட அதே விட்டம், பக்கச்சுவர் 106

ஸ்பீடோமீட்டர் பிழையும் இதே சதவீதம்தான். 225/45ஆர்18 போட்டால் முள் 100 காட்டும்போது கார் முன்பைவிட 2.6 கூடுதலாக ஓடும். 225/45ஆர்17 என்றால் 1.3 குறைவு. கம்பனி மீட்டர்கள் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வருகின்றன, அதனால் சிறிய டயரில் ஆபத்து இல்லை. கிலோமீட்டர் மட்டும் வேகமாக ஏறும். பெரிய பக்கம் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்டத்தை மட்டும் பார்த்தால் 225/40ஆர்18 குற்றம் சொல்ல முடியாதது. பிரச்சினை அந்த ரிம்மில். எப்படிப் பார்ப்பது என்றால், டயரின் உண்மையான குறுக்கு அகலத்தில் பாதியை எடுங்கள். அதில் ஒப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்தில் இருந்து வெளியே எவ்வளவு. கூட்டினால் உள்ளே, ஷொக் பக்கம் எவ்வளவு.

இங்கேதான் பலர் பிழை விடுவது. 215 என்று எழுதியிருந்தால் அகலம் 215 இல்லை. 215/55ஆர்16 டயர் 7ஜே ரிம்மில் ஏறத்தாழ 226 மிமீ. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மிமீ விரியும். 225/40ஆர்18 எட்டு அங்குல ரிம்மில் 230, 8.5ஜேயில் 235.

இப்போது: 113 − 45 = 68 வெளியே, 113 + 45 = 158 உள்ளே.
அந்தச் செட்: 117.5 − 35 = 82.5 வெளியே, 117.5 + 35 = 152.5 உள்ளே.

உள்ளே 5.5 மிமீ இடம் கூடுகிறது, வெளியே டயர் 14.5 மிமீ தள்ளுகிறது. ஆனால் ரிம் உதட்டைப் பாருங்கள். 8.5ஜே என்பது டயர் உட்காரும் அகலம். உதடுகளையும் சேர்த்தால் ஒரு அங்குலம் கூட, ஏறத்தாழ 241 மிமீ. பாதி 120.5, அதில் 35 போனால் 85.5. அதாவது ரிம் உதடு டயரைவிட 3 மிமீ வெளியே நிற்கும். இப்போதுள்ள செட்டில் டயர்தான் ரிம்மைவிட 11 மிமீ முன்னுக்கு நின்று காக்கிறது. கல்முனை பஜாரில் கொங்கிரீட் ஓரத்தோடு ஒட்டி நிறுத்தினால் முதலில் உரசுவது ரிம்.

பின்பக்கம் ஐந்து பேர் ஏறி, பாலத்து மூட்டில் விழும்போது டயர் மட்காட் உதட்டைத் தொட நல்ல வாய்ப்பு உண்டு. தட்டி மடிக்க மாட்டேன் என்கிறீர்கள். அப்படியானால் அந்தச் செட் உங்களுக்கு இல்லை.

—

கல்முனை டயர்க்காரன்:

மேல சொன்ன கணக்கு சரி. நான் ரிம்மைப் பத்திச் சொல்றன், ஏனெண்டா ரீகண்டிஷன் எடுக்கிற ஆக்கள் பெயின்டைப் பார்த்துத்தான் ஏமாறுற.

தம்பி, எந்த செட் எடுத்தாலும் டயர் இல்லாத வெறும் ரிம்மை பலன்ஸ் மெசின்ல ஏத்திச் சுத்தச் சொல்லுங்க. உதட்டுக்குப் பக்கத்தில ஒரு பேனையைப் பிடிச்சுப் பாருங்க. மேல கீழ ஆடினாலும் பக்கத்துக்கு ஆடினாலும் 1 மிமீக்கு மேல எண்டா வைங்க கீழ. கடைக்காரன் “ஈயம் ஒட்டிச் சரிக்கட்டலாம்” எண்டுவான். பாரத்தைத்தான் சரிக்கட்ட ஏலும், வளைவைச் சரிக்கட்ட ஏலா. 80க்கும் 100க்கும் இடையில ஸ்டியரிங் நடுங்கிக்கிட்டே இருக்கும்.

அடுத்தது உட்பக்கத்து உதடு. வெடிப்பு, வெல்டிங் எல்லாம் அங்கதான் இருக்கும், வெளியில தெரியாது. தின்னர்ல துடைச்சிட்டு, விரல் நகத்தால சுத்திவர இழுத்துப் பாருங்க. புதுசாப் பெயின்ட் அடிச்ச ரிம்முல உள்பக்கமும் தடிப்பா அடிச்சிருந்தா எனக்கு அது சந்தேகம்தான். ஸ்போக் பின்னால ஜேடபிள்யூஎல் அடிப்பு இருக்கா, அதோட விஐஏ இருக்கா எண்டு பாருங்க. ரெண்டும் ஜப்பான் தர அடையாளம். அதைப் பார்த்து வார்த்த கொப்பிகளும் வருது, அதனால அடிப்பு இருந்தா மட்டும் காணாது, மெசின்ல சுத்தினதுதான் சாட்சி.

நடு ஓட்டை 73.1, உங்கட ஹப் 64.1. இடையில வளையம் கட்டாயம். நட் இறுகினா ரிம் தானா நடுவுக்கு வரும் எண்டு சொல்றவங்க இருக்காங்க. வரும், சில நேரம் வராது. வளையம் கையால அழுத்தினா சிக்கெண்டு போகணும், கடகடக்கப்படாது. அலுமினியம் எண்டா நம்ம கடற்காத்துக்கு ஹப்போட பிடிச்சிரும், வருசத்துக்கு ஒருக்காக் கழட்டித் துடைக்கணும். ஹப் விளிம்புல மட்டும் லேசா கொப்பர் பேஸ்ட் பூசலாம். ஸ்டட் மரையில பூசாதீங்க. அதே டோர்க்குக்கு நட் அளவுக்கு மிஞ்சி இறுகிரும், ஸ்டட் இழுபடும்.

நட் கதைதான் முக்கியம். ஹொண்டா கம்பனி நட் உருண்டை அடி. வெளி அலோய் ரிம்முல பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்பு ஓட்டையில போட்டா ஒரு மெல்லிய கோட்டுலதான் தொடும். டோர்க் ரெஞ்ச் “கிளிக்” எண்டும், இறுகின மாதிரியே இருக்கும், ரெண்டு நாளில தளரும். எம்12×1.5 கூம்பு நட் 20 புதுசா வாங்குங்க. ஓட்டை ஒடுக்கமா இருந்தா சொக்கட் உள்ள போறயில்ல, மெல்லிய நட்டும் மெல்லிய சொக்கட்டும் வேணும்.

இறுக்கம் 108 நியூட்டன் மீட்டர், நட்சத்திரம் கீறுற மாதிரி எதிரெதிரா. இம்பாக்ட் கன்ல அடிச்சு முடிக்க விடாதீங்க. 50–100 கிலோமீட்டர் ஓடி, ஆறின பிறகு திரும்ப ஒருக்காப் பாருங்க.

—

அக்கரைப்பற்று_ஜேடிஎம்:

எல்லாரும் 18ஐப் பேய் மாதிரிக் காட்டுறீங்க. இதே பொடிக்கு (கார் உடலுக்கு) ஹொண்டாவே 18 போட்டுத்தான் வித்தது. 2017இல் அமெரிக்காவுக்கு வந்த சிவிக் எஸ்ஐ செடானில் 18×8ஜே, ஒப்செட் 50, டயர் 235/40ஆர்18. விட்டம் கம்பனி 16ஓடு 2 மிமீதான் வித்தியாசம். ஆகவே 18 ஏறாது என்பது பிழை, 8.5ஜே 35 ஏறாது என்பதுதான் சரி.

18×8ஜே 45 கிடைத்தால் கணக்குப் பாருங்கள். 235/40 எட்டு அங்குலத்தில் சுமார் 236 மிமீ. வெளியே 118 − 45 = 73, உள்ளே 163. இரண்டு பக்கமும் 5 மிமீ மட்டும்தான் கூடுகிறது. மட்காட்டை ஒன்றும் செய்யத் தேவையில்லை. பார்வைக்கும் இந்தப் பொடிக்கு 18தான் எடுப்பு, 16இல் மட்காட் வாய் பிளந்து நிற்கும்.

225/40ஐ நான் வேறு காரணத்துக்காக வேண்டாம் என்பேன்: லோட் இன்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் எண். அதில் 88 வருகிறது, அது ஒரு டயருக்கு 560 கிலோ. எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் வகை) எடுத்தால் 92, 630 கிலோ. உங்கள் கம்பனி டயர் 93, அதாவது 650 கிலோ. ஹொண்டா இந்தக் காருக்கு 17, 18 இரண்டிலும் 91 (615 கிலோ) வரை இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே போகாதீர்கள். விலை மலிவென்று 88 கொடுக்கிற கடை உண்டு, பக்கத்தில் எழுதியிருப்பதை நீங்களே வாசியுங்கள்.

—

தூக்குக்குண்டு:

18×8ஜே 45க்கு 235/40: பொருத்தத்தில் மறுப்பு இல்லை. எனக்கு உறுத்துவது பக்கச்சுவர். 118இல் இருந்து 94க்கு இறங்கினால் 24 மிமீ போகிறது. ஏ4 வழியில் மட்டும் ஓடுகிற காருக்கு அது காணும். கிரவல் ரோட்டில், மழை வெள்ளம் வடிந்த பிறகு, தண்ணீர் நிறைந்த பள்ளத்தின் ஆழம் தெரியாது. பள்ளத்து விளிம்பு டயரை நசுக்கி ரிம் உதட்டில் அடிக்கும்போது உள்ளே நூல் அறும், இரண்டொரு நாளில் பக்கத்தில் முட்டை மாதிரிப் பொம்மும். அதற்கு ஒட்டு வேலை கிடையாது, டயரை வீசத்தான் வேண்டும். இன்னொன்று, ஒரு டயர் போனால் அதே பிராண்ட், அதே பூ மட்டக்களப்பில் அன்றைக்கே கிடைக்குமா? வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று கடைக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். கொழும்பில் இருந்து பஸ்ஸில் வரும் வரை கார் ஜக்கில் நிற்கக்கூடாது.

காற்று அளவையும் மறக்காதீர்கள். சாதாரண டயர் தன் முழுப் பாரத்தை 36 பிஎஸ்ஐயில் தாங்கும். எக்ஸ்எல் 42இல்தான் தாங்கும். ஆகவே எக்ஸ்எல் டயருக்குப் பழைய அளவையே அடித்தால் அது தாங்குவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கதவுத் தூணில் ஒட்டியுள்ள காற்று அளவு 33 என்றிருந்தால், அதே பாரத்துக்கு 235/40ஆர்18 95 எக்ஸ்எல்லுக்கு 36 வேண்டும். 215/50ஆர்17 என்றால் 91 சாதாரணமோ 95 எக்ஸ்எல்லோ, 35–36. 235/45ஆர்17 94க்கு 33 போதும். காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியான ரோட்டில் ஓடிவிட்டுப் பார்த்தால் 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் அடுத்த நாள் காலையில் குறைவாக நிற்கும்.

—

பாலமீன்மடு_எஃப்சி:

சரி, 8.5ஜே செட்டை விட்டன். 17×7.5ஜே ஒப்செட் 45 செட் ஒண்டும், அதே அகலத்தில 38 செட் ஒண்டும் பார்த்து வைச்சிருக்கன். 38தான் வடிவு. டயர் 215/50ஆ 235/45ஆ? 225/45 எல்லாக் கடையிலயும் கிடக்கு, விலையும் குறைவு. அதைப் போட்டா என்ன?

—

தூக்குக்குண்டு:

225/45 போட்டால் கார் 4 மிமீ பதியும், கியர் விகிதம் கொஞ்சம் குறுகும், மட்காட் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். 7.5ஜேக்கு அகலம் நன்றாகப் பொருந்துகிறது, பாரமும் 91 அல்லது 94 எக்ஸ்எல் கிடைக்கும். கெட்ட தெரிவு இல்லை. ஆனால் நீங்கள் பக்கச்சுவருக்காகத்தானே 17க்கு இறங்கினீர்கள்? 101 மிமீ என்றால் அந்த 18×8 செட்டைவிட 7 மிமீதான் லாபம்.

மற்ற இரண்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. 215/50ஆர்17க்கு அனுமதித்த ரிம் 6 முதல் 7.5 வரை. 235/45ஆர்17க்கு 7.5 முதல் 9 வரை. 7.5ஜே ரிம் ஒன்றுக்கு மேல் எல்லை, மற்றதுக்குக் கீழ் எல்லை. இன்னும் பாருங்கள்: 7.5ஜேயில் 215/50 விரிந்து 231 மிமீ ஆகும். 235/45 ஒடுங்கி அதுவும் 231 ஆகும். பெயரில் 20 மிமீ வித்தியாசம், மட்காட்டுக்குள் ஒன்றும் இல்லை. வித்தியாசம் நிலத்தைத் தொடும் முகத்தில்: 235க்கு முகம் அகலம், பக்கச்சுவர் ரிம்மைவிட வெளியே உருண்டு நிற்கும், ரிம்மைக் காக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது பதில் ஒரு நொடிப்பொழுது பிந்தும். 215க்குச் சுவர் நேராக நிற்கும், திருப்பினால் உடனே வரும், மழையில் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். 1 லீட்டர் எஞ்சினுக்கு 235இன் பிடி தேவையே இல்லை. கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஒடுங்கின டயர்தான் நல்லது. என் தெரிவு 215/50ஆர்17, முடிந்தால் 95 எக்ஸ்எல்.

ஒப்செட் 45 என்றால் வெளியே 115.5 − 45 = 70.5, உள்ளே 160.5. இரண்டு பக்கமும் 2.5 மிமீ. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். 38 என்றால் வெளியே 77.5, இப்போதையதைவிட 9.5 கூட. வடிவுதான், ஆனால் அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அளக்க மேசன்மாரின் தூக்குக்குண்டு போதும். காரைச் சமதரையில் நிறுத்தி, பின் மட்காட்டின் உச்சியில், உதட்டின் உட்பக்கத்தில் இருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயர் பக்கச்சுவர் பொம்மலுக்கும் இடைவெளியை அளவுங்கள். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி மறுபடி அளவுங்கள். நாலு சக்கரத்துக்கும் செய்யுங்கள், இடமும் வலமும் சமமாக இருக்காது. ஆகக் குறைந்த அளவில் இருந்து 9.5ஐக் கழித்து 5 மிமீயாவது மிஞ்சினால் 38ஐ எடுக்கலாம்.

பிறகு ஒரு ரிம்முக்கு மட்டும் டயர் ஏற்றிப் பரீட்சை. முன்னுக்குப் போட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் சக்கரம் ஒரு பலகைமேல் ஏறி நிற்கும்போதும் திருப்புங்கள், ஷொக் அமுங்கின நிலையில்தான் உள் லைனரில் உரசும். பின்னுக்குப் போட்டு மட்காட் உதட்டின் உட்புறத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக் களி ஒட்டி, ஆள் ஏற்றி, வேகத்தடையில் மெதுவாக ஒன்று, கொஞ்சம் வேகமாக ஒன்று. களியில் தடம் பதிந்தால் எங்கே, எவ்வளவு என்று தெரியும்.

—

கல்முனை டயர்க்காரன்:

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. டயர் வாங்கக்குள்ள பக்கத்தில டிஓடி எழுத்துக்குப் பின்னால கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2323 எண்டா 2023ஆம் ஆண்டு 23ஆம் கிழமை. நாலும் ஒரே காலத்ததா இருக்கணும். கடை வாசல்ல வெயிலுக்கு அடுக்கி வைச்ச டயரை எடுக்காதீங்க, புதுசு எண்டாலும் பூவுக்கிடையில மயிர் மாதிரி வெடிச்சிருக்கும். வால்வையும் புதுசா மாத்துங்க, சின்னக் காசுதான்.

மற்றது, ஈயம் உட்பக்கம் ஒட்டுறவகை எண்டா ஒட்டுற இடத்தைத் தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்லுங்க. வயல் ரோட்டுல போய் வந்தா ரிம்முக்குள்ள சேறு அப்பிக் காயும், அப்ப ஸ்டியரிங் ஆடும். பலன்ஸ் பிழைச்சிட்டு எண்டு ஓடி வாறதுக்கு முன்னால தண்ணியால ஒருக்கா அடிச்சுப் பாருங்க.

—

வாழைச்சேனை_இரவோட்டம்:

ஒருத்தரும் ஸ்பெயார் பற்றிச் சொல்லவில்லை. டிக்கியில் இருக்கிறது கம்பனி இரும்பு ரிம் என்றால் அதுக்கு உருண்டை நட்தான் வேணும். பழைய நட்டில் ஐந்தைத் துணியில் சுற்றி ஸ்பெயாரோடு வைத்துவிடுங்கள். பூட்டு நட் போடுகிறீர்கள் என்றால் அதன் சாவியையும், மெல்லிய சொக்கட் வாங்கினால் அதையும் அங்கேயே வையுங்கள். இரவு பதினொரு மணிக்குப் புணானைப் பக்கம் பஞ்சரானால் வீட்டு லாச்சியில் கிடக்கும் சாவியால் பயன் இல்லை.

மெலிந்த தற்காலிக ஸ்பெயார் என்றால் முன்னுக்குப் போடாதீர்கள். முன் டயர் போனால் பின் டயரைக் கழற்றி முன்னுக்குப் போட்டு, ஸ்பெயாரைப் பின்னுக்குக் கொடுங்கள். விட்டம் வித்தியாசமான இரண்டு சக்கரத்தை இழுவை அச்சில் போட்டு நெடுந்தூரம் ஓடினால் கியர்பெட்டிக்குள் டிஃபரென்ஷியல் சும்மா சுழன்று சூடேறும். 80க்கு மேல் ஓடவும் வேண்டாம்.

டயர் அழுத்த எச்சரிக்கை உள்ள கார் என்றால், வால்வில் சென்சார் இல்லாமல் சக்கரச் சுழற்சியை வைத்துக் கணக்கிடும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் புது டயரில் காற்றைச் சரிபார்த்த பிறகு மெனுவில் காலிபரேஷன் தொடங்கிவிட வேணும். இல்லாவிட்டால் பழைய விட்டத்தை நினைத்துக்கொண்டு சும்மா லைட் எரியும்.

—

பாலமீன்மடு_எஃப்சி:

அளந்தன். பின் இடதுபக்கம்தான் ஆக ஒடுக்கம், மூணு பேர் இருக்கக்குள்ள 12 மிமீ. 9.5 போனா 2.5. அதால 38ஐ விட்டுட்டு 45 செட்டுக்கு முற்பணம் குடுக்கிறன், மெசின்ல சுத்திப் பார்த்த பிறகு. 215/50ஆர்17 95 எக்ஸ்எல் ரெண்டு கடையில இருக்கு. 64.1–73.1 வளையம் நாலும் கூம்பு நட் 20ம் வாங்கியாச்சு. பழைய 16 செட்டை விக்கிறதா, கிரவல் ரோட்டுக்கு வைச்சிருக்கிறதா எண்டு யோசிக்கிறன்.

—

அக்கரைப்பற்று_ஜேடிஎம்:

வைச்சிருங்க. ஆனா நட்டை மாத்தி மாத்திப் போடக்குள்ள குழப்பாம ரெண்டு டப்பாவில பெயர் எழுதி வையுங்க.